ஆர்டாரன்ட் ஏன் திறக்க மறுக்கிறது?

கேள்வி: உபுண்டுவில், டாரன்ட் முறையில் கோப்புகளை இறக்கும் ஆர்டாரன்ட் நிரலை மூலநிரலில் இருந்து நிறுவினேன். 'மேக் இன்ஸ்டால்' என்ற நிறுவும் கட்டளை வரை பிழையே இல்லை. இயக்கினால் அதற்குத் தேவையான லிப்டாரன்ட் நூலகக் கோப்பைக் காணோம் என்கிறது!

பதில்: கோப்பு உங்கள் கணினியில்தான் இருக்கிறது. மூலநிரலில் இருந்து நிறுவுபவை வழக்கமாக யூஎஸ்ஆர்–லோக்கல்–லிப் அடைவில் போய் உட்காரும். நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகங்களின் பட்டியல் புதுப்பிக்கப்படாததால் சிஸ்டத்துக்கு அது தெரியவில்லை. அதைப் புதுப்பிக்கும் 'சூடோ எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஒருமுறை கொடுங்கள், ஆர்டாரன்ட் திறந்துவிடும்.

அப்புறம், லிப்டாரன்ட் என்ற பெயரில் இரண்டு நூலகங்கள் உண்டு. கியூபிட்டாரன்ட் என்ற வேறொரு டாரன்ட் நிரல் பயன்படுத்தும் ராஸ்டர்பார் நூலகம் இதற்கு உதவாது. ஆர்டாரன்டை எழுதியவரே தரும் லிப்டாரன்ட்தான் வேண்டும், அதுவும் அதே வெளியீட்டுக்குப் பொருந்துவது. நான் எப்போதும் ஆர்டாரன்ட், அதன் லிப்டாரன்ட் இரண்டையும் சேர்த்தே இறக்கிக்கொள்வேன். லிப்டாரன்டை முதலில் நிறுவுங்கள்.

சரி, திறந்ததும் ஆர்டாரன்டின் அமைப்புக் கோப்பில் போர்ட் எண்ணை (இணைப்புகள் உள்ளே வரும் வாயிலின் எண்) குறித்து, அதையே ரவுட்டரிலும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியில் இருந்து யாரும் உங்களோடு இணைய முடியாது.