மூலையில் கிடந்த பெட்ரோல் பம்பை மழைக்கு முன் கிளப்புவது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 12 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தரைக்குக் கீழே உள்ள பார்க்கிங் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லாததால் மோட்டார் போட முடியவில்லை. அப்புறம் எல்லாரும் பணம் போட்டு 2 இன்ச் பெட்ரோல் பம்ப் ஒன்று வாங்கினோம். ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததோடு சரி. போன வாரம் வாட்ச்மேன் அண்ணன் இருபது தடவை கயிறு இழுத்தும் கிளம்பவில்லை; பெட்ரோல் வாடைதான் வந்தது. ஒரு தடவை கயிறு வெடுக்கென்று உள்ளே இழுத்து, அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாதுகாப்பாக ஸ்டார்ட் செய்வது எப்படி? மழை நேரத்தில் பார்க்கிங்குக்குள்ளேயே வைத்து ஓட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. வண்டி ஏறும் சரிவுப்பாதை திறந்திருக்கிறது, ஃபேன் இருக்கிறது என்று யார் சொன்னாலும் கூடாது. பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடிக்கும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறைத்த அசதி என்று நினைத்து உட்காருகிறவர் எழுந்திருக்க மாட்டார். மாடிப்படி வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் அது மேலே வீடுகளுக்கும் போகும்.

இன்ஜின் வெளியே, திறந்தவெளியில், ஜன்னல் கதவுகளிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் கட்டிடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கினால்தான் இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் பம்ப் நல்ல நிலையில் இருந்தால் 20 அடி ஆழத்திலிருந்துகூடத் தண்ணீரை உறிஞ்சும். உங்கள் பார்க்கிங் ஆழம் பத்து, பதினொரு அடிதான் இருக்கும். உறிஞ்சும் பக்கத்துக் கெட்டி ஹோஸை மட்டும் நீளமாக வாங்கிக் கீழே விடுங்கள். இணைப்பில் வாஷர் சரியாக உட்கார்ந்து, காற்று கசியாமல் இருந்தால் போதும். மழைக்கு மேலே ஒரு தகரமோ தார்ப்பாயோ உயரமாகக் கட்டலாம். நாலு பக்கமும் திறந்திருக்கட்டும்.

சரி, இன்ஜின் ஏன் கிளம்பவில்லை? பழைய பெட்ரோல்தான் என்பது என் கணிப்பு. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதக்கணக்கில் கிடந்த இன்ஜினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சுற்றிலும் மஞ்சள் பிசின் படிந்திருக்கும். நடுவில், பெட்ரோல் வெளிவரும் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடைப்பு. அதை நீங்களே கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, டேங்கையும் கிண்ணத்தையும் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுவது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, வெளியில் வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தாழ்வான இடம் தேடிப் போகும். பத்தடி தள்ளி எரியும் அகல்விளக்கே போதும், தீ பிடித்துக்கொள்ளும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஆயில். சமதளத்தில் வைத்துப் பாருங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கையே நிறுத்திவிடும் ஏற்பாடு பல மாடல்களில் இருக்கிறது. அப்போது நூறு தடவை இழுத்தாலும் கிளம்பாது.

பம்புக்கென்று ஒரு வேலை உண்டு. பம்பின் மேல்மூடியைத் திறந்து, வாய் வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்தபடி ஓட்டினால், உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகிவிடும். அப்புறம் வெள்ளம் வரும் அன்றைக்கு இன்ஜின் மட்டும் ஓடும், தண்ணீர் வராது.

இனி கயிறு. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் திருகுகுழாயை (பெட்ரோல் காக்) திறந்து, காற்று வழியை அடைக்கும் சோக்கை மூடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, சுவிட்சை ஆன் செய்யுங்கள். இடது கையால் ஃபிரேமை அழுத்திப் பிடியுங்கள். கைப்பிடியை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் முட்டும். பிஸ்டன் காற்றை அழுத்தும் இடம் அது. அங்கிருந்து நேராக, ஒரே மூச்சில் இழுங்கள். வாட்ச்மேன் அண்ணனுக்கு நடந்தது இந்த இடத்தில்தான் இருக்கும். அரைமனதாக இழுத்தால் பிஸ்டன் மேலே போய்த் தாண்டுவதற்குள் ஸ்பார்க் விழுந்து, அதைத் திருப்பித் தள்ளும். கயிறு கையையும் சேர்த்து இழுக்கும். அந்தக் காலத்தில் முன்பக்கம் கைப்பிடி சுற்றிக் கார் கிளப்பிய டிரைவர்களுக்கு இப்படியே மணிக்கட்டு உடைந்தது. ஒருவகை எலும்பு முறிவுக்கு மருத்துவத்தில் ஓட்டுநர் பெயரே வைத்திருக்கிறார்கள். அதனால் கயிறைக் கையில் சுற்றவே கூடாது. அண்ணனின் வீக்கம் இன்னும் வடியவில்லை என்றால் இன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், செலவை அசோசியேஷன் ஏற்கட்டும்.

கிளம்பியதும் சோக்கைப் படிப்படியாகத் திறந்துவிடுங்கள். நாலைந்து இழுப்பில் கிளம்பாவிட்டால் நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் உள்ளே பெட்ரோல் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சோக்கை முழுக்கத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுக்க வைத்து, நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் சுவிட்சை ஆஃப் செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். கழற்றிய பிளக்கை இன்ஜினின் தலைப்பக்கத்தில் தொட வைத்து, கயிறு இழுத்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது நான் அதைச் செய்தேன். பிளக் துளையிலிருந்து பீச்சிய பெட்ரோல் ஆவி குப்பென்று பற்றி, புருவமும் முன்கை முடியும் கருகின. கண் தப்பியது.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் சரி, நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சைலன்சர் சூட்டில் ஒரு சொட்டு விழுந்தால் போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறைந்தது மூன்று வீட்டுக்காரர்களாவது வாட்ச்மேன் அண்ணனோடு நின்று ஆளுக்கு ஒரு தடவை கிளப்பிப் பழகுங்கள். ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பம்ப் அதிலிருந்து எடுத்து அதிலேயே விடும்படி ஓட்டலாம். முடிக்கும்போது சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் காக்கை மட்டும் மூடிவிடுங்கள். கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து, இன்ஜின் தானாக நிற்கும். அதன் பிறகு சுவிட்சை ஆஃப் செய்து, டேங்கில் மீதி இருப்பதை யாராவது ஒருவர் பைக்கில் ஊற்றிக்கொள்ளட்டும்.