ஹில்டெஸ்ஹைம் நகரின் ஹெர்மன் ரோமர்

கேள்வி: ஜேர்மனியில் வசிக்கும் மகளிடம் சென்றிருந்தபோது, ஹில்டெஸ்ஹைம் நகரிலுள்ள ரோமர்-பெலிசேயுஸ் நூதனசாலையைப் பார்த்தேன். எகிப்தியப் பொருட்களுக்குப் பேர்போன அந்த இடத்திற்குப் பெயர் தந்த ரோமர், உயிர்ச்சுவடுகளில் (பாறைகளில் பதிந்த பழங்கால உயிர்களின் எச்சங்களில்) ஈடுபாடு கொண்ட ஒரு சட்ட அறிஞர் என்று மகள் சொன்னார். அவரைப் பற்றி அறியத் தருவீர்களா?
– வெள்ளவத்தை வாசகி ஒருவர்

பதில்: எகிப்தியச் சேகரிப்பு, வில்ஹெல்ம் பெலிசேயுஸ் 1907இல் தம் சொந்த நகருக்கு வழங்கியது. ஹெர்மன் ரோமர் அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். 1816இல் ஹில்டெஸ்ஹைமில் பிறந்து, சட்டம் பயின்று, நகரச் செனட்டராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். வியப்பு என்னவென்றால், அவருடைய சகோதரர்கள் இருவரும் சட்டம் கற்றே பாறைகளிடம் வந்தவர்கள். மூத்தவரான பிரெடெரிக் அடோல்ப், வட ஜேர்மனியின் ஜுராசிக் காலச் சுவடுகளைப் பற்றி 1836இலேயே நூல் வெளியிட்டார். இளையவரான பெர்டினாண்ட் அமெரிக்காவின் டெக்சாஸுக்குச் சென்று அப்பகுதியின் புவிச்சரிதவியலுக்கு அடித்தளமிட்டார். ஹெர்மன் மட்டும் ஊரை விட்டு அகலவில்லை.

1844இல் அவர் முன்னின்று அமைத்த சங்கத்தின் பெயரிலேயே இயற்கையும் கலையும் சேர்ந்து நின்றன. அதை நான் தற்செயலாகக் கருதவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் சங்கும் கோயிலில் கிடக்கும் பழஞ்சிற்பமும் ஒரே ஊரின் சரித்திரம் என்று கண்டவர் அவர். அந்தச் சங்கத்தின் சேகரிப்பே பின்னர் அவர் பெயர் தாங்கிய நூதனசாலையாக வளர்ந்தது. நம் கொழும்பு நூதனசாலை 1877இல் ஆளுநர் கிரெகரியின் முயற்சியால் அரசு நிறுவனமாகவே திறக்கப்பட்டது என்பதை நினைத்தால், ஊரவர்கள் கூடி எழுப்பிய அந்த முயற்சியின் பெறுமதி நன்கு விளங்கும்.

1868 ஒக்டோபரில் நகருக்கு அருகிலுள்ள குன்றொன்றில் படையினர் மண் வெட்டியபோது சுமார் எழுபது உரோமானிய வெள்ளிப் பாத்திரங்கள் வெளிப்பட்டன. ஆனால் அந்தப் புதையல் பேர்லினுக்கே சென்றது. ஓர் ஊரின் பொருள் ஊரை விட்டுப் போவதைக் காண எவருக்கும் மனம் கனக்கும். தாம் வாழ்ந்த மண்ணைச் சேர்த்து வைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒருவருக்கு அது எவ்வளவு கனத்திருக்க வேண்டும்!

1883இல், தமது அறுபத்தேழாவது வயதில், ஹில்டெஸ்ஹைம் நகரம் நிற்கும் நிலத்தின் அமைப்பைப் பற்றியே ஆய்வொன்றை வெளியிட்டார். 1894இல் அதே நகரில் காலமானார்.