சக்கை எரியும் ஆறு மாதம்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸில் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் டாலரைக் கொட்டும் ஏழை நாடுகள் எல்லாம் இதைச் செய்யலாமே? அரசு மனம் வைத்தால் போதாதா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நான் பாதியைத்தான் எழுதியிருந்தேன், மன்னியுங்கள். இங்கே மொரீஷியஸில் கரும்பு வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடியும். பெல் வ்யூ சர்க்கரை ஆலைப் பக்கம் அப்போது லாரிகள் ஓயாது. சக்கையை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், கை ஈரமாகும். எடையில் பாதி தண்ணீர். 100 டன் கரும்புக்குச் சுமார் 30 டன் சக்கை. அதை எரித்த நீராவியில் ஆலையும் ஓடும், மிச்ச மின்சாரம் ஊருக்கும் வரும். வெட்டு முடிந்ததும் அதே கொதிகலனில் நிலக்கரி எரியும். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது.

2030-க்குள் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும், நிலக்கரியை விட்டுவிடுவோம் என்று 2021-இல் அரசு அறிவித்தது. நல்லது. சோலாரும் வரட்டும். ஆனால் இரவிலும் எரியக்கூடியது சக்கை. அதைத் தருகிறவர் யார்?

என் மாமா இரண்டு ஆர்ப்பான் (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தில் கரும்பு போட்டிருந்தார். 2006-க்குப் பிறகு, எங்கள் சர்க்கரையை வாங்கிவந்த ஐரோப்பிய ஒன்றியம் அதன் விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது. வெட்ட ஆள் இல்லை, லாரி வாடகை ஏறியது. சக்கைக்காகக் கிடைத்த காசு உரத்துக்குக்கூடக் காணாது. மாமா விட்டுவிட்டார். அவரைப் போலப் பல சிறு விவசாயிகள் விட்டார்கள். கரும்பு குறைந்தால் சக்கை குறையும். அந்த இடத்தை நிரப்புவது நிலக்கரிதான். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

2021-இல்தான் ஒரு டன் சர்க்கரைக்கு 3,300 மொரீஷியஸ் ரூபாய் விவசாயிக்குச் சக்கைப் பணம் என்று நிர்ணயித்தார்கள். சரியான முடிவு. பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும். மாமாவின் நிலத்தில் இப்போது புதர். நடுவே பழைய மறுதாம்பு, அதாவது வெட்டிய கரும்பின் அடிக்கட்டை, தானாகத் துளிர்த்து நிற்கிறது, வெட்டுவார் இல்லை.

அதனால், எந்த நாடு இதைச் செய்ய நினைத்தாலும் கொதிகலன் வாங்குவதற்கு முன் விவசாயிக்கு என்ன விலை என்று எழுதி வைக்கட்டும். உங்கள் பக்கத்து ஆலைகளிலும் சக்கை மின்சாரம் உண்டே. சக்கைக்கென்று விவசாயிக்குத் தனியாக ஏதாவது தருகிறார்களா? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்.