அக்காவிடம் கேளுங்கள்

கே.புதூரிலிருந்து ஒரு வாசகி:

அக்கா, வருகிற கல்லறைத் திருநாளோடு அம்மா தவறி ஒரு வருஷம். அரசு மருத்துவமனையில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவர். நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களிடம் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "ஜெபமாலை விடாதவங்க, பூசை விடாதவங்கன்னு எழுது, போதும். ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் கோயில்ல எதுக்கு?" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படி எழுத?

அண்ணன் சொல்கிறபடி எழுதினால், உங்கள் அம்மா படத்தை எடுத்துவிட்டு எங்கள் அம்மா படத்தை ஒட்டினாலும் அந்தப் புத்தகம் பொருந்தும். பங்குக் கோயிலில் எந்த அம்மா ஜெபமாலை விட்டார், தங்கச்சி?

எங்கள் அம்மா டெலிபோன் ஆபரேட்டர். 1966-ல் வேலைக்குச் சேர்ந்தார். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம். அர்ஜென்ட் என்றால் இரண்டு மடங்கு கட்டணம், லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, நீட்டிக்கவா என்று கேட்பார். ஹெட்செட் பட்டை நசுக்கிவிடும் என்று அம்மா மல்லிகைச் சரத்தைப் பிடரிப் பக்கம் இறக்கித்தான் வைப்பார். நைட் டூட்டி முடிந்தால் மதுரை கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் காலைப் பூசை, அப்புறம்தான் பாண்டியன் பஸ். அதற்குள் வீட்டில் அப்பா இட்லி ஊற்றியிருப்பார். அக்கம்பக்கம் சிரித்தது, விடுங்கள். ஞாயிறு டூட்டி விழுந்த வாரங்களில், "ஆபீஸுக்குப் போறவளுக்குப் பூசை எதுக்கு" என்று எங்கள் பங்குப் பெரியவர் ஒருவர் காதுபடவே பேசியதைத்தான் என்னால் இன்னும் விட முடியவில்லை.

அப்படி ஒரு டூட்டிக்கு மறுநாள், சாயங்கால ஜெபமாலை. துக்க தேவ இரகசியம், நாலாவது பத்து மணி முடிந்தது. கண் சொருகிய அம்மா கணீரென்று சொன்னார்: "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?" அப்பா அசரவில்லை. "பண்ணும்மா, மாதா லைன்லதான் இருக்காங்க" என்றார்.

ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் வருகிற அர்ஜென்ட் கால் பெரும்பாலும் சாவுச் செய்தி. லைனில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. அம்மா அப்பாவிடம்கூட மூச்சு விட்டதில்லை. ஆனால் நவம்பர் 2-க்கு முன்னால் மரித்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்போமே, அந்தத் தாளில் தாத்தா, பாட்டி, பெரியப்பா பெயருக்குக் கீழே "பெயர் தெரியாதவர் 3" என்று எழுதியிருப்பார். ஒரு வருஷம் 7. இது என்ன கணக்கு என்று சாமியார் உபதேசியாரிடம் கேட்டனுப்பினார். "வேண்டியவங்கதான், பேருதான் தெரியாதுன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார் அம்மா.

எங்களுக்கே அது விளங்கியது அம்மாவின் அடக்கத்தன்றுதான். பக்கத்துப் போர்டில் உட்கார்ந்திருந்த சிநேகிதி வந்திருந்தார். தீபாவளிக்கு அவர் டூட்டியை அம்மா பார்ப்பார், கிறிஸ்துமஸுக்கு அம்மா டூட்டியை அவர் பார்ப்பார்; இருபது வருஷ ஒப்பந்தம். "கால் முடிஞ்சு ப்ளக்கை உருவினதும், அதைக் கையிலயே வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் உதட்டை அசைப்பாங்க. என்ன முணுமுணுக்குறேன்னு கேட்டா, அந்த வீட்டுக்கு ஒரு நித்திய இளைப்பாற்றின்னு சொல்வாங்க" என்றார். மரித்தவர்களுக்காகச் சொல்கிற ஜெபம் அது. பெற்ற பிள்ளைகள் நாலு பேருக்கும் தெரியாத விஷயம், டிபன் பாக்ஸைப் பங்குபோட்டவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் பேனாவை எடுக்குமுன் அம்மாவோடு வேலை பார்த்த இரண்டு நர்ஸுகள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். சாகக் கிடந்தவர் பக்கத்தில் அம்மா எப்படி நின்றார், எதற்கெல்லாம் கோபப்பட்டார், டூட்டி முடிந்த பிறகும் யாருக்காக இருந்தார் என்று கேளுங்கள். நோயாளிகள் பெயர் மட்டும் புத்தகத்தில் வர வேண்டாம். அண்ணனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அவர் விருப்பப்படி எழுதட்டும்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்:

புனிதர் வரிசையில் கன்னியரும் வேதசாட்சிகளும்தான் கண்ணில் படுகிறார்கள். பிள்ளைகளையும் பெற்று, வேலையும் பார்த்த பெண் யாராவது உண்டா?

உண்டு. நம் வீடுகளில் படம் மாட்டியிருக்கிற குழந்தை தெரசாளின் அம்மா, செலி மார்ட்டின். பிரான்சில் அலான்சோன் என்ற ஊரில் லேஸ் பின்னும் தொழில் நடத்தினார். வீட்டிலிருந்தே பின்னித் தருகிற பெண்களுக்குக் கூலி கொடுத்து, ஆர்டர் பிடித்து விற்றவர். வியாபாரம் பெருகியதும் கணவர் தம் கடிகாரக் கடையை விற்றுவிட்டு மனைவிக்கு ஒத்தாசையாக வந்துவிட்டார். ஒன்பது பிள்ளைகளில் நாலைப் பறிகொடுத்து, 1877-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார். 2015-ல் தம்பதி இருவருக்கும் சேர்த்தே புனிதர் பட்டம். இத்தாலியின் ஜான்னா பெரெட்டா மொல்லா குழந்தை மருத்துவர், 1962-ல் நாலாவது பிள்ளை பிறந்த ஒரு வாரத்தில் இறந்தார், 2004-ல் புனிதர். புதூர் அண்ணனுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்களேன்.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்:

அம்மாவின் கல்லறைக் கல்லில் 'தலைமையாசிரியை' என்று போட்டால் பெருமையடித்தது போலிருக்குமா?

தாராளமாகப் போடுங்கள். போஸ்டரிலேயே அத்தனை பட்டமும் போடுகிற ஊர் நம்முடையது. அதையாவது மாடு தின்றுவிடும், கல் நிற்கும். வெட்டும்போது பக்கத்திலேயே இருந்து எழுத்தை மட்டும் சரி பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு 'டெலிபோன் ஆபரேட்டர்' என்று எழுதிக் கொடுத்தோம். கல் வந்து இறங்கியபோது 'ப' இல்லை. 'ஆரேட்டர்', அதாவது இங்கிலீஷில் பேச்சாளர். திருத்தித் தருவதாகத்தான் சொன்னார்கள். 33 வருஷம் பேசிச் சம்பாதித்தவர்தானே, இருக்கட்டும் என்றார் அப்பா.