உப்புவெளியில் ஓட்டுக்கூரை வீட்டுக்கு நீச்சல் தடாகம் பொருந்துமா?

திருகோணமலைக் கரையோரத்தில் உள்ள உப்புவெளியில், முன் விறாந்தையும் தூண்களும் கொண்ட பழைய ஓட்டுக்கூரை வீட்டின் அழகு கெடாமல் வளவுக்குள் தடாகம் அமைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் வடிவத்தை வீட்டிடமிருந்தே எடுக்க வேண்டும். வளைந்த வடிவங்கள் இத்தகைய வீட்டோடு ஒட்டுவதில்லை. தூண்களின் வரிசைக்குச் சமாந்தரமான, ஒடுங்கிய நீள்சதுரமே பொருந்தும். அதன் நீளம் இரண்டு தூண்களுக்கு நேராகத் தொடங்கி முடிந்தால், தடாகமும் வீட்டோடு சேர்ந்து கட்டப்பட்டதுபோலவே தோன்றும். உட்பூச்சுக்குப் பளிச்சென்ற நீலத்தைவிட மணல் நிறமோ சாம்பல் நிறமோ நல்லது.

இடம் வீட்டின் கிழக்குப் பக்கமாக இருக்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கொண்டுவரும் புழுதியையும் சருகையும் வீடே மறித்துவிடும்; பிற்பகல் நிழலும் கிடைக்கும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது நிலத்தடி நீரைப் பற்றியே. கரையோர மணல் நிலத்தில் மாரிமழையின்போது நீர்மட்டம் வெகுவாக உயரும். அப்போது தடாகத்தை வெறுமையாக்கினால், தொட்டி இடம்பெயர்க்கும் ஒவ்வொரு கன மீற்றர் நிலத்தடி நீருக்கும் ஏறத்தாழ ஒரு தொன் வீதம் மேல்நோக்கித் தள்ளும் விசையால் கொங்கிறீற்றுத் தொட்டி கிளம்பவோ வெடிக்கவோ கூடும். ஆகவே அடித்தளத்தில் நீரழுத்தத் தணிப்பு வால்வு (வெளியே அழுத்தம் கூடும்போது நிலத்தடி நீரைத் தொட்டிக்குள் விடும் வால்வு) கட்டாயம் வேண்டும். தடாகத்தை வெறுமையாக்கிச் செய்யும் துப்புரவுப் பணியைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியைக் கழுவிய குளோரின் நீர் கிணற்றுப் பக்கம் போகவே கூடாது.

கடலுக்கு அருகிலான காணி என்றால், வரைபடம் கீறுமுன் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் பிரதேச சபையிலும் அனுமதி விபரத்தை விசாரியுங்கள்.