பாயச அண்டா கவிழ்ந்தாலே போதும்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கதை எழுதறத பத்திதான். சினிமா கேள்வி கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

கேள்வி: என் சிறுகதைய படிச்ச எல்லாரும் "நல்லாருக்கு, ஆனா மனசுல நிக்கல"ங்கறாங்க. நான் அழுதுக்கிட்டேதான் எழுதுறேன். அப்புறமும் ஏன் நிக்கல?
வாசகி, கும்பகோணம்

பதில்: அழுகைய பூரா நீங்களே அழுது தீர்த்துட்டீங்கம்மா, அதான். நீங்க அனுப்பின கதையில முதல் ரெண்டு பக்கத்துக்குள்ள "துயரம்" நாலு தடவ வருது, "நெஞ்சு கனத்தது" மூணு தடவ. படிக்கிறவங்களுக்குன்னு எதையும் மிச்சம் வைக்கலையே.

உங்க ஊர் காலேஜ்ல படிச்ச தி. ஜானகிராமனோட "பாயசம்" கதைய தேடிப் படிங்க. சாமநாதுன்னு ஒரு பெரியவர், அண்ணன் மகன் வசதியா வாழறத பாத்து வயிறு எரிஞ்சுக்கிட்டே அவன் வீட்டு கல்யாணத்துல சுத்திக்கிட்டு இருப்பாரு. கடைசியில யாரும் பாக்காத நேரமா பாத்து அண்டா பாயசத்த கவிழ்த்துட்டு, உள்ள பெருச்சாளி கிடந்துச்சுன்னு ஒரு பொய்ய வேற சொல்லிடுவாரு. பொறாமைங்கறத நமக்கு யாராவது உக்காந்து விளக்கணுமா என்ன, அண்டா சாயுற சத்தத்துலயே எல்லாம் புரிஞ்சு போயிடுது, கூடவே நம்ம மேலயே ஒரு சின்ன வெக்கமும் வருது, ஏன்னா நாமளும் ஏதோ ஒரு பந்தியில உக்காந்து அப்படி எரிஞ்சவங்கதான்.

அதனால ஒரு சிவப்பு பேனா எடுத்து உணர்ச்சி பேர் வர்ற இடத்த எல்லாம் அடிங்க. அடிச்ச இடத்துல அந்த ஆளோட கை அப்ப என்ன செய்யுதுன்னு எழுதுங்க. "அவளுக்கு கோவம் வந்தது"ங்கறதுக்கு பதிலா, புருஷன் மூணாவது தோசை கேட்டப்ப கல்லுல தண்ணி தெளிச்சு அடுப்ப அணைச்சுட்டா, அவ்வளவுதான். எல்லா இடத்துலயும் இது ஒத்துவராது, ஒரு சில இடத்துல "பயந்தான்"னு நேரா சொல்லிட்டு போறதுதான் அழகு. அதுக்காக எதையுமே சொல்லாம புதிர் போட்டு வைக்கறதும் வேணாம், இப்ப அதுவும் ஒரு ஃபேஷனா கிளம்பியிருக்கு.

கேள்வி: கதைய எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. பின்னணி எல்லாம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எட்டு பக்கம் ஓடிடுது சார்.
வாசகர், திண்டுக்கல்

பதில்: எனக்கும் இதே வியாதி இருந்துச்சு. என் முதல் கதையில மூணு பக்கத்துக்கு மழை பெய்யும், நாலாவது பக்கத்துலதான் ஒரு மனுஷன் வருவான், அவனும் குடை தேடிக்கிட்டு வருவான். அனுப்பின வேகத்துலயே திரும்பி வந்துச்சு, நியாயம்தான்.

கு.ப.ரா.ன்னு சொல்ற கு.ப. ராஜகோபாலனோட "விடியுமா?" கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க (அவரும் கும்பகோணம்தான், இன்னிக்கு அந்த ஊர் ராசி போல). எடுத்த எடுப்புல தந்தி. ஒரு பொண்ணோட புருஷன் சென்னையில ஆபத்தான நிலைமையில இருக்காருன்னு ரெண்டே வார்த்தை. அவ கூடப்பொறந்தவனோட ராத்திரி ரயில்ல கிளம்புறா, கதையில பெரும்பகுதி அந்த ரயில் பெட்டிக்குள்ளதான் நடக்குது. அவ எப்படி குடும்பம் நடத்தினாங்கறது எல்லாம் முன்னாடியே வந்துடல, போற வழியில, பேச்சுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா கசியுது. ஒரு நிமிஷம் நம்பிக்கை வரும், அடுத்த ஸ்டேஷன்ல அது போயிடும். நாமளும் அதே பெஞ்சுல உக்காந்து விடியறதுக்கு காத்துக்கிட்டு இருப்போம்.

நீங்க செய்ய வேண்டியது, இந்தக் கதைய ஒரு நோட்டுல கையால அப்படியே எழுதுங்க. சிரிக்காதீங்க. கண்ணு தாவிப் போற இடத்துல கை தாவ முடியாது, அவர் எந்த இடத்துல பேச்ச நிறுத்திட்டு ஜன்னலுக்கு வெளிய பாக்குறாருன்னு விரலுக்கு தெரிஞ்சிடும். அப்புறம் உங்க கதைக்கு வாங்க, அந்த எட்டு பக்கத்தையும் மடிச்சு ஓரமா வெச்சுட்டு ஒம்பதாவது பக்கத்துலேர்ந்து படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ஒண்ணும் கொறஞ்சிருக்காது. அப்படியே எதாவது புரியாம போனா அந்த ஒரு வரிய மட்டும் உள்ள சொருகுங்க.

கேள்வி: எனக்கு 51 வயசு, எட்டாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். எங்க ஊர் பேச்சுலதான் எழுத வருது. இலக்கியம்னு ஏத்துக்குவாங்களா?
வாசகர், விளாத்திகுளம்

பதில்: அண்ணாச்சி, கி. ராஜநாராயணனோட இடைசெவல் உங்களுக்கு ரொம்ப தூரமா என்ன? மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கினேன்னு சொன்ன மனுஷன், முப்பது வயசுக்கு மேலதான் கதை எழுத வந்தாரு, 1991ல சாகித்ய அகாதமி வாங்கினாரு, புதுச்சேரி பல்கலைக்கழகத்துல பேராசிரியராவே போய் உக்காந்தாரு. கரிசல் பேச்சுக்குன்னு ஒரு சொல்லகராதியே போட்டாரு. நீங்க பயப்பட வேண்டியது வேற ஒண்ணுக்கு, ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி பேசுறதா எழுதிடாதீங்க. டீக்கடைக்காரர் பேச்சு வேற, பள்ளிக்கூட வாத்தியார் பேச்சு வேற, ஒரே ஆளு பொண்டாட்டிகிட்ட பேசுறதும் வட்டிக்காரன்கிட்ட பேசுறதும் வேற. எழுதினத வாய்விட்டு படிச்சுப் பாருங்க, யார் பேசுறான்னு பேர் போடாமலே தெரியணும்.

கேள்வி: தினமும் எத்தனை பக்கம் எழுதணும்?
வாசகி, ஆவடி

பதில்: ஒரு பக்கம். நல்லா வரலன்னாலும் தேதி போட்டு வெச்சிருங்க, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்து அடிக்கறதுக்கு ஏதாவது வேணும்ல.