குரலை மாற்ற வேண்டாம், கூட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். திங்கள்கிழமை மீட்டிங்கில், திரும்பி வரும் பம்புகளில் சீல் கசிவதற்குப் புது சப்ளையரின் சரக்குதான் காரணமாக இருக்குமோ, பார்க்கலாமா என்றேன். "இரும்மா, முதல்ல டெஸ்பாட்ச் விஷயம் முடியட்டும்" என்று தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் புரொடக்‌ஷன்காரர் அதையே சொன்னார். "நல்ல பாயிண்ட்" என்று மேனேஜர் போர்டில் எழுதினார். தனியாகப் போய்க் கேட்டால், "ஆம்பளைங்க மாதிரி அழுத்தமாப் பேசணும்" என்கிறார். போன வருடம் அழுத்தமாகப் பேசியபோது "ஏன் டென்ஷன் ஆகறீங்க" என்றவரும் இவர்தான். நான் பேசும் விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி.

"இருக்குமோ", "பார்க்கலாமா" என்று தயங்கிப் பேசுவது பெண்களின் பிறவிக் குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் என்ற இருவர் கோர்ட்டில் சாட்சிகள் பேசுவதை ஆராய்ந்து 1980-ல் எழுதினார்கள். செல்வாக்கு இல்லாத, கோர்ட் வாசல் பழகாத ஆண்களும் அப்படித்தான் தயங்கினார்கள். நிபுணராகக் கூண்டேறிய பெண்ணிடம் அந்தத் தயக்கம் குறைவு. உங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பையன் எம்.டி. முன்னால் எப்படிப் பேசுகிறான் என்று ஒரு நாள் கவனியுங்கள், புரியும்.

சரி, பதவி உயர்ந்தால் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் யார் பேச்சில் யார் குறுக்கிடுகிறார்கள் என்று டோன்யா ஜேக்கபி, டிலன் ஷ்வீர்ஸ் இருவரும் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அங்கே நீதிபதிகள் ஒன்பது பேர். அப்போது அதில் பெண்கள் மூவர். 2015-ல் நடந்த குறுக்கீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த மூவரின் பேச்சில்தான்! அவர்களுக்கு மேல் அந்த நாட்டில் நீதிபதியே கிடையாது. அவர்களுக்கு அழுத்தம் போதவில்லை என்று யார் சொல்ல முடியும்? 2021-ல் நீதிமன்றம் நடைமுறையைத்தான் மாற்றியது. வழக்கமான கேள்விகள் முடிந்ததும், பணிமூப்பு வரிசையில் ஒவ்வொரு நீதிபதிக்கும் தனித்தனியாகக் கேட்க வாய்ப்பு. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கும் அந்த மாற்றத்தில் பங்குண்டு என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் வெளிப்படையாகவே சொன்னார்.

நீங்களும் மேனேஜரிடம் இதைத்தான் கேட்க வேண்டும். "என்னைப் பேச விடுங்க சார்" என்று கேட்காதீர்கள், அது உங்கள் சொந்தக் குறையாகிவிடும். "ஒவ்வொரு பிரிவுக்கும் அஞ்சு நிமிஷம், நடுவில் யாரும் பேசக் கூடாதுன்னு வெச்சா மீட்டிங் சீக்கிரம் முடியும் சார்" என்று சொல்லிப் பாருங்கள். சீக்கிரம் முடியும் என்றால் காது கொடுக்காத மேனேஜர் இல்லை. கசிவு விஷயம் போன்றவற்றை முந்தின நாளே பேட்ச் எண்ணோடு மெயிலில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்புறம் யார் சொன்னாலும் தேதியும் பெயரும் உங்களுடையவை.

உங்கள் யோசனையை இன்னொருவர் சொன்னால் அங்கேயே, "ஆமா சார், நான் முதலில் சொன்னதும் அதுதான். அதில் இன்னொன்றும் இருக்கு" என்று தொடருங்கள். இதைத் தோழி ஒருவர் செய்தால் இன்னும் நல்லது. ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் பேசி வைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்கள். ஒருத்தி சொன்ன யோசனையை அடுத்தவள் அவள் பெயரோடு திரும்பச் சொல்வாள். ஸ்டோர்ஸிலோ அக்கவுண்ட்ஸிலோ உங்களுக்கு அப்படி ஒருவர் இருப்பார். ஆணாக இருந்தாலும் சரி, கேளுங்கள்.

இன்னொன்று. மினிட்ஸ் எழுதும் வேலையைப் பெரும்பாலும் பெண் தலையில்தான் கட்டுவார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருப்பவரால் விவாதத்தில் நுழைய முடியாது. இப்போது அது உங்களிடம் இருந்தால், அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு முறை என்று மாற்றச் சொல்லுங்கள். முதல் முறை புரொடக்‌ஷன்காரர் எழுதட்டும்.